ஆயில் மாற்றுகிற ஞாயிறு

ஜூன் 9, ஞாயிறு

ஆயில் மாற்ற வேண்டிய நாள். மாற்றவில்லை.

வழக்கம்போல முன் சக்கரங்களைச் சாய்வுப் பலகை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயில் சேம்பரின் அடியில் ஒரே ஒரு போல்ட்தான். அதைக் கழற்றினால் பழைய ஆயில் முழுக்க இறங்கிவிடும். வாலிப வயசிலிருந்து செய்கிற வேலை. இன்றைக்கு ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் போல்ட் அசைவேனா என்கிறது. இரண்டாவது இழுப்பில் ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டித் தோலெல்லாம் இரும்பில் உரசிப் போய்விட்டது. போன தடவை இதை இப்படி முறுக்கி வைத்த மடையன் யார் என்று சத்தம் போட்டுத் திட்டினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்த மடையனும் நான்தான்.

ஸ்பேனர் தேய்ந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டும். வலது கை கொஞ்ச நேரம் மரத்துக் கிடந்தது. கோணலாகப் படுத்ததால் இருக்கும்.

நாலு வீடு தள்ளித் தனபால் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. சத்தம் கேட்டு, “கொண்டாங்கண்ணா, ரெண்டே நிமிசம்” என்று வந்து நின்றான். போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பிவிட்டேன். சொந்தமாக டாக்சி வாங்கிய நாளிலிருந்து என் வண்டி ஆயிலை வேறொருத்தன் தொட்டதில்லை. பொள்ளாச்சி ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட நாச்சிமுத்து வண்டி வருகிறது என்று இஞ்சின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். அது சும்மா வந்த பெயர் இல்லை.

எரிச்சலோடு உள்ளே போய்க் காபிக்குச் சர்க்கரை எடுத்தால் டப்பா முழுக்க எறும்பு. மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடக் குடித்தனத்தில் சாந்தாமணி ஒரு மூடியை அரைகுறையாக மூடி நான் பார்த்ததில்லை. இப்போது கடுகு டப்பா, ஊறுகாய் பாட்டில், தேங்காய் எண்ணெய் எல்லாமே இந்தக் கதிதான். அவளுக்கும் வயசாகிறது போல.

ஜூன் 10, திங்கள்

எஸ்தர் டீச்சரை வால்பாறையில் விட்டு வந்தேன். அங்கே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. திங்கட்கிழமை ஏற்றிக்கொண்டு போவதும் வெள்ளிக்கிழமை இறக்கிக்கொண்டு வருவதும் அந்தம்மா மாற்றலாகி வந்ததிலிருந்து என் வேலை.

வளைவுகளில் திருப்பும்போது கை மரத்தது. இரண்டு மூன்று தடவை உதறிவிட்டேன். பின் சீட்டிலிருந்து கேட்டார்.

“என்னண்ணா, கையை உதறிட்டே வர்றீங்க?”

“கொசுங்க டீச்சர்.”

“மலை மேல, கண்ணாடி ஏத்துன வண்டிக்குள்ள கொசுவா?”

“இந்த ஊருக் கொசு கண்ணாடியைத் தொறந்துட்டு வருமுங்க.”

சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி ஸ்டாண்டுக்கு வந்தால் டீக்கடை பெஞ்சில் ஆறுச்சாமி. என்னோடு வண்டி ஓட்டியவன். போன வருடம் கழுத்து வலி என்று டாக்டரிடம் போனான். இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், மகன் வண்டியை விற்றுவிட்டான். இப்போது தினமும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டாண்டுக்கு வந்து, யார் வண்டி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணில் படாமல் வண்டியை அந்தக் கோடியில் நிறுத்தினேன். டாக்டரிடம் போனால் முதலில் பிடுங்குவது வண்டிச் சாவியைத்தான்.

எனக்கு ஒன்றுமில்லை. இதை இங்கேயே எழுதி வைக்கிறேன். எனக்கு ஒன்றுமே இல்லை.

ஜூன் 13, வியாழன்

ஸ்பேனர் வாங்க ஹக்கீம் பாய் கடைக்குப் போனேன். போல்ட்டோடு நான் மல்லுக்கட்டிய கதையைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரை எடுக்காமல் உள்ளே போய்ச் சின்னதாகப் பித்தளையில் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். பார்த்தால் போல்ட் மாதிரி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் விரலால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டிப் பிடி, நெம்பி.

“இது என்னங்க பாய், தண்ணிக் குழாயா?”

“கிட்டத்தட்ட அதேதாங்ண்ணா. பழைய போல்ட்டை ஒரே ஒரு தடவை கழட்டிட்டு இந்த வால்வை மாட்டிருங்க. அப்புறம் ஆயில் மாத்தறதுக்கு ஸ்பேனரே வேண்டாம். நெம்பியை லேசாத் தூக்கித் திருப்புனா ஆயில் இறங்கிரும். மறுக்காத் திருப்பி விட்டா இந்தப் பள்ளத்துல டொக்குனு உக்காந்துக்கும். ஒத்தை விரல் போதும்.”

ஒற்றை விரல் போதும் என்றதும் எனக்கு உள்ளே என்னமோ லேசானது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கீழே துருத்திக்கொண்டு நிற்குமே, கல்லில் இடிக்காதா என்று கேட்டேன். குட்டை சைஸ்தான், சேம்பர் விளிம்பைத் தாண்டி வராது என்றார். மரை சரியாக இருக்குமா என்றேன். என் வண்டிக்கானதைப் பார்த்துத்தான் எடுத்து வந்தாராம். வாங்கிக்கொண்டேன்.

“நெம்பி தானாத் திரும்பாம இருக்க ஒரு கிளிப் வருதுங்ண்ணா. அதையும் போட்டுக்குங்க.”

“அதெல்லாம் கை நிதானம் இல்லாதவங்களுக்குப் பாய். எனக்கு எதுக்கு?”

அவர் கிளிப்பைத் திரும்ப டப்பாவில் போட்டார். பில்டரும் ஆயிலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது!

பழைய போல்ட் இன்றைக்கும் கையால் அசையவில்லை. கை இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறது. ஸ்பேனர் பிடியில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி, மல்லாந்து படுத்தபடி குதிகாலால் ஓர் உதை விட்டேன். படக்கென்று விட்டுக்கொடுத்தது. சாந்தாமணி ஓடிவந்து குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, வண்டியை எதுக்குங்க உதைக்கறீங்க?”

“இது புது முறை. உனக்குத் தெரியாது, போ.”

ஆயில் முழுக்க வடிந்ததும், மரையைத் துடைத்து, வாஷர் போட்டு, வால்வை இடது கையால் ஏற்றி, அளவாக இறுக்கினேன். நெம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொன்னது போலவே பள்ளத்தில் உட்காருகிறது. பழைய போல்ட்டைத் துடைத்து டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்தேன். அதன் முகத்தில் இனி முழிக்க வேண்டியதில்லை.

பில்டர்தான் கழலவில்லை. அதை உதைக்கவும் முடியாது. கம்பெனிப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் பில்டரை இரண்டு தடவைக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்று இன்றைக்கு முடிவு செய்தேன். இதே பேச்சை ஸ்டாண்டில் வேறு யாராவது பேசியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

ஜூலை 2, செவ்வாய்

காபி டம்ளர் கை நழுவி விழுந்தது. டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு.

ஜூலை 5, வெள்ளி

டம்ளர்கள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. இப்போது காது வைத்த கப்பில் காபி வருகிறது. ஏன் என்று கேட்டால், “இப்பல்லாம் எல்லாரும் இதுலதானுங்க குடிக்கறாங்க” என்கிறாள். எந்த எல்லாரும்?

நேற்று ஊறுகாயில் எறும்பு. அவளிடம் சத்தம் போட்டேன். “சரிங்க” என்றாள். இன்றைக்கும் மூடி அப்படியே.

ஜூலை 22, திங்கள்

ஸ்டியரிங்குக்குத் தடிமனாக ஓர் உறை வாங்கிப் போட்டேன். கம்பெனிக்காரன் போட்டது வழவழ என்று இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “பேசாம ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணா” என்றார். ரோட்டோரம் நின்ற வரையாட்டைக் காட்டிப் பேச்சைத் திருப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வால்வு வைத்துச் செய்கிற முதல் ஆயில் மாற்றம். அரசன் வேலை! சாக்கில் படுத்தேன், விரலால் நெம்பியைத் தள்ளினேன், கறுப்பாக இறங்கி வந்தது. முட்டி பெயரவில்லை, திட்டவில்லை, வியர்க்கவில்லை. இத்தனை வருடம் எதற்கு ஸ்பேனரோடு மல்லுக்கட்டினேன் என்று இருந்தது.

சாந்தாமணி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் வேணா ஒருக்காத் திருப்பிப் பாக்கட்டுங்களா?”

“இது என்ன தோசைத் திருப்பியா? அடுப்பைப் போய்ப் பாரு.”

அவள் எழுந்து போனாள். மழை தூற ஆரம்பித்தது. அவசர அவசரமாக நெம்பியைத் திருப்பி விட்டேன். டொக்கென்ற சத்தம் கேட்டது. அதே நேரம் சமையலறையில் குக்கரும் கத்தியது. ஆனாலும் சத்தம் கேட்டது. கேட்டது மாதிரிதான் இருந்தது. விரலில் ஒன்றும் தெரியவில்லை, விரல் குளிரில் மரத்திருந்தது. புது ஆயிலை ஊற்றி வண்டியை இறக்கிவிட்டேன்.

இரண்டு தடவைக்கு ஒரு தடவை என்றால் இன்றைக்குப் பில்டர் முறை. மழையாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வாசலில் வண்டி நிற்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில். தனபால் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பைக்குகளை என் வாசலில்தான் நிறுத்துகிறார்கள். போய் நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். அவன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

செப்டம்பர் 2, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

டீச்சரை ஏற்றிக்கொண்டு ஆழியாறு தாண்டி மலை ஏறினேன். சாலை பெயர்ந்து கிடந்த ஓர் இடத்தில் வண்டி நன்றாகக் குலுங்கியது. அடுத்த வளைவைத் திருப்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. என் வண்டியில் அந்த விளக்கு ஓடும்போது எரிந்து நான் பார்த்ததே இல்லை. உடனே இஞ்சினை அணைத்து ஓரம் கட்டினேன். இறங்குவதற்குள் பின்னால் கிரீச்சென்று சத்தம்.

ஒரு பைக். ஓட்டி வந்த பையனும் பின்னால் அவன் மனைவியும் சாலையில் கிடந்தார்கள். அந்தப் பெண் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த மலையில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். வளைவு முழுக்க என் வண்டி ஆயில் பளபளத்துக்கொண்டு ஓடியது.

நல்லவேளை, இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவனுக்கு முழங்கையில் தோல் போயிருந்தது, அவளுக்கு உள்ளங்கையில். அவன் என் சட்டையைப் பிடிக்காத குறை.

“என்னய்யா ஊத்திட்டுப் போற ரோட்டுல?”

“என்ற தப்புங்க தம்பி. என்ற வண்டி ஆயிலுங்க.”

டீச்சர் தண்ணீர் பாட்டிலை அவர்களிடம் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வளைவின் மேலே போய் நின்று வருகிற வண்டிகளை நிறுத்தினார். நான் ஓரத்துச் செம்மண்ணை அள்ளி ஆயில் மேல் போட ஓடினேன்.

அள்ள முடியவில்லை. வலது கையால் அள்ளினால், சாலைக்கு வருவதற்குள் மண் முழுக்க விரலிடுக்கில் கொட்டிவிடுகிறது. மறுபடி அள்ளினேன். மறுபடி கொட்டியது. கையை மூடு மூடு என்கிறேன், மூட மாட்டேன் என்கிறது. மேலே ஒரு பஸ் நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாரும், ஒரு ஆள் வெறுங்கையைக் கொண்டுவந்து கொண்டுவந்து சாலையில் உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் குடையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“எடது கையால அள்ளுங்கண்ணா.”

அள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை.

மண் போட்டு முடித்த பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வால்வு பத்திரமாக இருந்தது. நெம்பிதான் பள்ளத்தில் உட்காராமல் பாதி திரும்பி நின்றது. இடது கை விரலால் தள்ளினேன். டொக்கென்று உட்கார்ந்தது, அந்த அதிர்வு விரல் எலும்பு வரை தெரிந்தது. அன்றைக்கு நான் கேட்டது இது இல்லை.

டிக்கியில் எப்போதும் ஒரு கேன் புது ஆயில் வைத்திருப்பேன். அதன் மூடியை டீச்சர்தான் திறந்து கொடுத்தார். ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்து, கிளப்பினேன். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் பஸ்ஸில் ஏறிக்கொள்ளட்டும் என்றேன். கேட்காமல் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

“கீழ போலாம்ணா. ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன்.”

ஆழியாறு வரை வண்டியை மெதுவாக இறக்கினேன். அப்புறம், “அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“நானே சொல்றேனுங்க.”

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னேன். கை மரக்கிறது, பிடி இல்லை, குக்கர் சத்தத்தில் நெம்பி உட்கார்ந்ததா என்று தெரியவில்லை, ஒரு புள்ளைத்தாச்சிப் பெண்ணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாவற்றையும். சாந்தாமணி கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

“தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“கை. பொங்கலுக்கு முன்னாடி இருந்தே தெரியும். ஊறுகாய் பாட்டிலைத் தொறக்க முடியாம, வேண்டாம்னு மோரை மட்டும் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனீங்க பாருங்க, அன்னைக்கே. அதுக்கப்புறம் நான் எந்த மூடியையும் இறுக்கி மூடறதில்லை.”

எறும்புக்காக எத்தனை தடவை இவளிடம் கத்தியிருக்கிறேன்!

“சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? மூடி மேல பழி போடுவீங்க. எறும்பு வந்தா வரட்டும், நீங்க பசியோட எந்திரிக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்.” வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “ஆனா வண்டி விசயத்துல வாயை மூடிட்டு இருந்தது என்ற தப்புதானுங்க.”

அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோசைத் திருப்பியா என்று கேட்டு அவளை விரட்டியது நான்.

சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். டாக்டர் பிடுங்குவார் என்று பயந்துகொண்டிருந்ததை நானே கொடுத்துவிட்டேன். தனபாலிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். “உங்க வண்டி ஆயிலுன்னு அன்னைக்கே தெரியுமுங்ண்ணா. சொன்னா அடிப்பீங்க” என்றான்.

செப்டம்பர் 6, வெள்ளி

கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போனோம். டிரைவர் மூன்றாம் கியரில் போட வேண்டியதை நாலில் போட்டு இழுத்துக்கொண்டே போனான். சாந்தாமணி என் தொடையில் கிள்ளியதால் சும்மா இருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மணிக்கட்டில் சுண்டிவிட்டார், கரண்ட் அடித்தது மாதிரி விரல் நுனி வரை ஓடியது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது கையில் கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கிறது. வலது கையில் அந்த இடம் குழிந்துபோயிருக்கிறது. தினமும் சோறு சாப்பிடுகிற கை, நான் பார்க்கவே இல்லை.

மணிக்கட்டில் நரம்பு மாட்டிக்கொண்டு நசுங்குகிறதாம். சின்ன ஆபரேஷன் போதுமாம். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார்.

“வண்டி ஓட்டலாமுங்களா?” என்று கேட்டேன். மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

“இந்தக் கையோட இப்ப ஓட்டாதீங்க. ஆபரேஷன் பண்ணி, பயிற்சியெல்லாம் ஒழுங்கா செஞ்சா ஓட்டலாம். ஆனா பழைய பிடி முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“நான் பண்றேனுங்க.”

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று ஆபரேஷன். இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. போதும்.

அக்டோபர் 4, வெள்ளி

தையல் பிரித்தார்கள். மரப்பு குறைந்திருக்கிறது. பிடி இல்லை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வண்டிக்கு ஆக்டிங் டிரைவர் போட்டிருக்கிறோம். விக்னேஷ் என்று பெயர். நல்ல பையன், கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறான். வாசலில் வந்து நிற்கும்போது வண்டி அழுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

தட்டில் பச்சைப் பயறைக் கொட்டி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டேன். வீடு முழுக்கப் பயறு. சாந்தாமணி விளக்குமாற்றை எடுத்தாள். வாங்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து நானே பொறுக்கினேன், அதே இரண்டு விரலால். மத்தியானம் ஆகிவிட்டது. பொறுக்கி முடித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஆறுச்சாமி பார்க்க வந்தான்.

“சீக்கிரமா வண்டிக்கு வந்து சேரு நாச்சி. பெஞ்சு எனக்கே பத்தலை, நீ வேற வந்து உக்காந்துக்காத.”

போகும்போது என் வலது கையைப் பிடித்து நன்றாக ஓர் அழுத்து அழுத்தினான். நானும் அழுத்தினேன். அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. இத்தனை நாள் இவனைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஆயில் மாற்றுகிற ஞாயிறு. மாற்றியது சாந்தாமணி.

தனபாலைக் கூப்பிடலாம் என்று நானே சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் பழைய காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, சாக்கில் படுத்துவிட்டாள். நான் தலைப்பக்கம் உட்கார்ந்து டார்ச் அடித்தேன்.

“நெம்பியைத் தூக்கு. அப்படியே உன்ற பக்கமாத் திருப்பு. ஆயில் சூடா இருக்கும், கையை எடுத்துரு.”

“எல்லாம் தெரியுமுங்க. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான இருந்தேன்.”

இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஆயில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

வடிந்ததும் நெம்பியைத் திருப்பினாள். டொக்.

“கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு.”

“குக்கரு இல்லீங்க. அடுப்பே பத்த வைக்கலை.”

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தாள். ஹக்கீம் பாய் கடையில் போய் வாங்கி வந்திருக்கிறாள். நெம்பியின் மேல் அதை மாட்டி, இழுத்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. “இது கை நிதானம் இருக்கறவங்களுக்குங்க” என்றாள். பாய் வாயில் ஒரு விசயம் நிற்காது.

பில்டரைக் கழற்ற ஒரு பிடிக்கருவியும் வாங்கி வந்திருந்தாள். வெளியே வந்த பில்டர் கறுத்துக் கிடந்தது.

“இதை எப்பங்க மாத்துனீங்க?”

“ரெண்டு தடவைக்கு ஒரு தடவை மாத்துனாப் போதும்.”

“யாரு சொன்னா?”

“நாந்தான்.”

புதுப் பில்டரின் ரப்பரில் ஆயிலைத் தடவி ஏற்றினாள். கடைசிச் சுற்றை மட்டும் என்னை இறுக்கச் சொன்னாள். வலது கையால் இறுக்கினேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவை இறுக்கியதையும் பார்த்தேன்.

நவம்பர் 28, வியாழன்

ஊருக்குள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம். சாந்தாமணி சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மகாலிங்கபுரம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தோம். விக்னேஷ் கிளட்சைத் தேய்த்துத்தான் வைத்திருக்கிறான்.

மூடிகள் இன்னும் அப்படியேதான். சர்க்கரையில் எறும்பும் அப்படியேதான். கை தேறிவிட்டது, இனி இறுக்கி மூடலாமே என்றேன்.

“மூடோணும்னு எனக்குத் தோணும்போது மூடறேனுங்க.”

டிசம்பர் 15, ஞாயிறு

பந்து. பயறு. பந்து. பயறு.

ஜனவரி 6, திங்கள்

டீச்சரோடு வால்பாறை. விக்னேஷையும் துணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவன் கால் அனாவசியமாக எதையும் மிதிக்காமல் இருந்தது கிளட்சுக்கு நல்ல ஓய்வு.

அந்த வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தேன். சாலையில் ஒரு கறையும் இல்லை, மழையில் எல்லாம் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பெண் சுவரோரம் எழுந்து நின்றது அப்படியே கண்ணுக்குள் வந்தது. மெதுவாகத் திருப்பினேன். கை திருப்பியது. மரக்கவில்லை.

மேலே போன பிறகு பின் சீட்டிலிருந்து சத்தம்.

“இன்னைக்குக் கொசு ஒன்னும் இல்லையாண்ணா?”

“கொசுவுக்கு ஆபரேசன் பண்ணியாச்சுங்க டீச்சர்.”

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆயில் மாற்றுகிற ஞாயிறு. யார் படுப்பது என்று சின்னச் சண்டை. நான் ஜெயித்தேன். அவள் டார்ச் பிடித்தாள்.

கிளிப்பை எடுத்தேன், நெம்பியைத் தள்ளினேன், ஆயில் இறங்கியது. திரும்ப மூடும்போது வேண்டுமென்றே வலது கை ஆள்காட்டி விரலை வைத்தேன். பள்ளத்தில் உட்கார்ந்த அதிர்வு விரலில் தெரிந்தது. காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்தது. கிளிப்பை மாட்டினேன். பில்டரையும் மாற்றினேன். இனி ஒவ்வொரு தடவையும் மாற்றுவதென்று முடிவு, யாரும் வந்து வேறு மாதிரி பேசக் கூடாது.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தயிர்ச்சோறு. ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். திறக்கவில்லை.

அவளைக் கூப்பிட்டேன்.

“துணி அலசிட்டு இருக்கறேனுங்க. நீங்களே தொறந்துக்குங்க.”

கொல்லைப்புறத்தில் குழாய்ச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல் மேல் கையைக் கட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் போடாமல் திரும்பி வந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இறுக்கி வைத்திருந்தாள். முதல் திருப்பலில் வரவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி திருப்பினேன். வந்துவிட்டது. உள்ளே ஓர் எறும்பு இல்லை.

சாப்பிட்டு முடித்ததும், அவள் மூடியிருந்த அளவுக்கே நானும் இறுக்கி மூடி வைத்தேன். அப்போதுதான் கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.